கோவிலுக்குள் பாடகர் குழுவோடு ஆட

முதலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போய், பீடத்துக்கு முன்னால் நின்று ஒரே ஒரு கைதட்டுத் தட்டுங்கள். சத்தம் அடங்கும்வரை மனசுக்குள் எண்ணுங்கள். ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம், எங்கள் ஊர்க் கோவிலில் மூன்று எண்ணுவேன். திருவிழாவன்று சனம் நிறைந்து, கடல் பக்கக் கதவும் திறந்திருந்தால் ஒன்றரைகூட வராது. ஆட்களும் உடுத்திய துணியும் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் ஞாயிறு பூசை முடிந்து சனம் எழும் முன் இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள்.

பாடகர் குழுவைப் பின்மாடத்திலிருந்து கீழே இறக்கிவிடுங்கள். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். 30 மீட்டர் நீளக் கோவிலில் மாடத்துப் பாட்டு பீடத்தை எட்ட ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி. முதல் வருஷம் எங்கள் பிள்ளைகள் மாடத்தில் கையசைத்துப் பாட்டை நடத்துகிறவரைப் பார்த்தே ஆடினார்கள். கையசைவு உடனே கண்ணில் படும், பாட்டு பிந்தி வரும். பாவம், பிள்ளைகளைத்தான் திட்டினேன். தப்பு நான் குழுவை நிறுத்திய இடத்தில்.

எட்டெட்டாக எண்ணுவதை விடுங்கள். அடுத்த வரிக்கு நாலு குரலும் சேர்ந்து மூச்சிழுக்கும். அந்த மூச்சில் உடம்பு எழ வேண்டும். சொல் வெளிவரும்போது எடை இறங்க வேண்டும். இதை நான் கற்றது கரைவலை இழுக்கிறவர்களிடம். ஒருவர் அம்பா என்ற வலையிழுப்புப் பாட்டை எடுத்துவிட, மற்றவர்கள் ஏலேலோ போடும்போதுதான் கயிறு வரும். குதிகால் மணலில் புதையும், இடுப்பு பின்னால் சாயும். கை பிடித்திருக்கும், அவ்வளவுதான். இழுப்பதெல்லாம் முதுகும் தொடையும். பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய் நிஜக் கயிற்றை இழுக்கவிடுங்கள். பிறகு கயிறில்லாமல் அதே இழுப்பைப் பாட்டுக்குச் செய்யச் சொல்லுங்கள். கண்டம்பரரி (இக்கால நடனம்) என்று தனியாக எதையும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நாலு குரலும் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் பாட்டென்றால் குரலுக்கு ஓர் ஆள். தன் குரல் வரும்வரை அசையக் கூடாது. கடைசியாக நுழையும் குரலுக்கு மூத்தவரை நிறுத்துவேன். அத்தனை நேரம் சும்மா நிற்பது சின்னப் பிள்ளைகளுக்கு வராது.

பங்குச் சாமியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திருப்பலிக்குள் வேண்டாம், மாலைச் செபத்துக்குப் பிறகு ஆடலாம். நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழைக்கு நெடுநேரம் முதுகு காட்டும் அசைவு இருந்தால் மாற்றுங்கள். வெறுங்காலுக்குத் தயங்க வேண்டாம். வழிபாட்டில் செருப்பைக் கழற்றுவது 1969-ல் ரோம் இந்தியத் திருச்சபைக்கு ஒப்புதல் தந்த பன்னிரண்டு அம்சங்களிலேயே இருக்கிறது.

தரையை ஈரத்துணியால் நானே துடைப்பேன். பளிங்கில் ஒரு பொடி கடல்மணல் கிடந்தாலும் திரும்புகிற கால் வழுக்கிவிடும். விளக்குமாறு போதாது.

கடைசிச் சொல் முடிந்ததும் கையை இறக்காதீர்கள். சனத்தோடு எண்ணினீர்களே, அந்த எண்ணிக்கை முடியும்வரை அப்படியே நில்லுங்கள். யாரும் கைதட்ட வேண்டாம் என்று உபதேசியாரை முன்பே அறிவிக்கச் சொல்லிவிடுங்கள்.