தாவர அறிவியல் விருதுகள்: எழுதும்போதும் பரிந்துரைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோபல் பரிசில் தாவரவியலுக்கென்று தனிப் பிரிவு இல்லை. தாவர ஆய்வாளர்களைப் பற்றி எழுதும்போது நேரும் பல பிழைகள் இதை மறப்பதிலிருந்தே தொடங்குகின்றன. ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயு சர்க்கரையாக மாறும் வழியைக் கண்டறிந்த மெல்வின் கால்வினுக்கு 1961இல் கிடைத்தது வேதியியல் பரிசு. மக்காச்சோளத்தில் இடம்பெயரும் மரபுக்கூறுகளைக் கண்ட பார்பரா மெக்கிளின்டாக்கிற்கு, கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் கழிந்தபின், 1983இல் மருத்துவப் பரிசு கிடைத்தது. குட்டைக் கோதுமை ரகங்களை உருவாக்கிய நார்மன் போர்லாக் 1970இல் பெற்றதோ அமைதிப் பரிசு. நோபல் குழு போற்றியது அவருடைய இனக்கலப்பு நுட்பத்தை அன்று. பசித்தவர்களுக்கு அதனால் கிடைத்த உணவையே போற்றியது. எந்தப் பிரிவில் எதற்காக என்று சேர்த்து எழுதாவிட்டால் இந்த வேறுபாடு வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

போர்லாக்கின் முயற்சியால் 1986இல் நிறுவப்பட்ட உலக உணவுப் பரிசை 'உணவுக்கான நோபல்' என்று அழைப்பதும் இதே குழப்பத்தை வளர்க்கிறது. அது அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து வழங்கப்படுவது. நோபல் அறக்கட்டளைக்கு அதில் பங்கில்லை. 1987இல் அதை முதன்முதலில் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். கட்டுரைகள் கைமாறும்போது 'உணவுக்கான' என்ற சொல் உதிர்ந்து, அவர் நோபல் பெற்றவராகவே ஆகிவிடுகிறார். அவ்வளவு பணி செய்தவருக்குப் பெறாத பரிசைச் சூட்டுவது மரியாதை ஆகாது.

ஆய்வுக்கான விருதையும் பொதுப்பணிக்கான விருதையும் ஒரே பட்டியலில் கலந்துவிடுவதை இவை எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். சுவாமிநாதனின் விருதுகளையே எடுத்துக்கொள்வோம். 1961இல் அவர் பெற்ற சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு உயிரியல் ஆய்வுக்கானது. 1971இல் பெற்ற ரமோன் மகசேசே விருது சமுதாயத் தலைமைக்கானது. ஆய்வுக்கூடத்திலும் வயலிலும் இருந்த அறிவியலாளர் எப்படி நாட்டின் உணவுக் கொள்கையை வகுப்பவராகவும் ஆனார் என்ற வரலாறு அந்தப் பத்தாண்டு இடைவெளியில் இருக்கிறது. உலக உணவுப் பரிசுத் தொகையைக் கொண்டு 1988இல் சென்னையில் தம் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியதும், மறைந்த மறு ஆண்டான 2024இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சி. 'எண்ணற்ற விருதுகள் பெற்றவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் இந்த வரலாறு முழுவதும் தொலைந்துவிடும். உயிரியலுக்கான பட்நாகர் பரிசை 1960இல் முதலில் பெற்றவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியலாளர் டி.எஸ். சதாசிவன் என்பது இன்று நம்மில் பலருக்குத் தெரியாமலிருப்பதும் எனக்கு வருத்தமளிக்கிறது.

பரிந்துரைப்பவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது: விருதின் நோக்கத்தைப் படிக்காமல், அதன் புகழை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். 1924இல் தொடங்கிய அமெரிக்கத் தாவர உயிரியலாளர் சங்கத்தின் விருதுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் சார்ல்ஸ் ரீட் பார்ன்ஸ் விருது, அறுபது வயதைக் கடந்தவர்களின் வாழ்நாள் பணிக்கானது. சார்ல்ஸ் ஆல்பர்ட் ஷல் விருதோ இளம் ஆய்வாளர்களுக்கானது. அடால்ஃப் கூட் விருது தாவர உயிரியலுக்குச் சேவை செய்தவருக்கு உரியது. அதைப் பெறுபவர் அறிவியலாளராக இருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஒரே சங்கத்திற்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்கும்போது, ஒரு விருதுக்கு எழுதிய பரிந்துரையை அப்படியே இன்னொன்றுக்கும் அனுப்புவது வீண் முயற்சி.

நம் நாட்டின் பத்ம விருதுகளில் இரண்டு தவறான எண்ணங்கள் நல்லவர்கள் பலரை விட்டுவிடச் செய்கின்றன. அரசுப் பணியில் இருப்போருக்குப் பொதுவாக இவ்விருதுகள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மருத்துவர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. ஆகவே, அரசு ஆராய்ச்சி நிலையத்தில் நெல் ரகங்களுக்காக உழைக்கும் ஒருவரைப் பரிந்துரைக்கத் தயங்க வேண்டியதில்லை. பரிந்துரையைப் பெரிய அமைப்புகள்தான் அனுப்ப வேண்டும் என்பதும் தவறு. குடிமக்கள் யாரும் அனுப்பலாம். அதனுடன் அளிக்கும் 800 சொற்களுக்கு உட்பட்ட பாராட்டுரையை வகித்த பதவிகளாலும் சென்ற மாநாடுகளாலும் நிரப்பிவிடாமல், அவர் தந்த ரகம் எந்த நோயைத் தாங்கியது, எந்த மண்ணில் நிலைத்தது, யாருக்குப் பயன்பட்டது என்று எழுத வேண்டும்.

விருது கிடைத்தபின் செய்யும் பிழை, அதைப் பெயருக்கு முன்னால் ஒட்டுவது. அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல என்று ஏற்ற உச்ச நீதிமன்றம், அவற்றைப் பெயரின் முன்னோ பின்னோ சேர்க்கக் கூடாது என்றும் கூறியது. அழைப்பிதழில் 'பத்மஸ்ரீ' என்று அடைமொழியாக அச்சிடுபவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அது விருது பெற்றவருக்கே சங்கடத்தைத் தரும்.

கடைசியாக, ஒருவரின் பெயரில் அமைந்த விருதையும் அவரே பெற்ற விருதையும் குழப்பக் கூடாது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் பணியாற்றிய ஈ.கே. ஜானகி அம்மாள் 1977இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பெயரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுவியதோ, உயிரினங்களை இனங்கண்டு வகைப்படுத்தும் வகைப்பாட்டியலுக்கான விருது. விருதுகள் அறிவியலாளர்களுக்கு மட்டுமே உரியவை என்று எண்ணுவதும் பொருந்தாது. 2001ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் கீழ், மரபு விதைகளைத் தலைமுறைகளாகக் காத்துவரும் உழவர்களுக்கும் உழவர் சமூகங்களுக்கும் விருதுகள் வழங்கப்படுகின்றன. அப்படி ஒரு சமூகத்திற்கு வழங்கியதை, மேடையேறி வாங்கிய ஒருவரின் பெயரில் மட்டும் செய்தியாக்கினால், விதை காத்த மற்றவர்களின் பெயர்கள் ஊருக்குள்ளேயே நின்றுவிடும்.