பிளிட்ஸ் செஸ்: முதல் ஆறு நகர்த்தல்களைக் கைக்குப் பழக்குங்கள்

முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ இருந்து முதல்தடவையாகப் பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் வேகச் செஸ்) போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பத்துத் தொடக்கங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வெள்ளைக் காய்க்கு இத்தாலியன் என்ற தொடக்கம் ஒன்றே போதும்.

முதலில் மணிக்கூட்டுக் கணக்கு. உலக பிளிட்ஸ் போட்டியில் ஆளுக்கு 3 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடுதல். ஆட்டம் 40 நகர்த்தல் போனால் மொத்தம் 260 விநாடி, அதாவது ஒரு நகர்த்தலுக்கு ஆறரை விநாடிதான். தொடக்கத்திலேயே யோசித்துக்கொண்டு இருந்தால் பிறகு நேரம் மிஞ்சாது.

சரி, பலகையை விரியுங்கள். ஈ4 போன்ற கட்டப் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை. கட்டத்தை மட்டும் சொன்னால் காலாள் நகர்த்தல்.

1. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் காலாளை ஈ4க்கு வையுங்கள். கறுப்பு ஈ5.

2. குதிரை எஃப்3. ஈ5 காலாளுக்கு அடி. கறுப்பு தன் குதிரையை சி6இல் வைத்துக் காக்கும்.

3. மந்திரி சி4. இப்போது மந்திரி எஃப்7ஐப் பார்க்கிறது. அந்தக் காலாளுக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. கறுப்பு மந்திரியை சி5இல் வைக்கும்.

இந்த இடத்தில்தான் புதியவர்களுக்குக் கை துறுதுறுக்கும். எஃப்7ஐ அடிக்கும் ஆசையில் குதிரையை ஜி5க்குத் தூக்கிவிடுவார்கள். கறுப்பு ராணி நிற்கும் டி8இலிருந்து ஈ7, எஃப்6, ஜி5 என்று விரலை வைத்துப் பாருங்கள். வழி திறந்தே கிடக்கிறது. ராணி வந்து குதிரையைச் சும்மா வெட்டிவிடும். கறுப்புக் குதிரை எஃப்6இல் நின்றால் அந்த வழி அடைபடும். ஜி5ஐப் பற்றி அப்போது யோசிக்கலாம், அதற்கு முன் வேண்டவே வேண்டாம்.

4. சி3. பிறகு டி4 தள்ள இது துணை.

5. டி3. ஈ4 காலாளுக்குக் காவல்.

6. ராஜா பக்கம் கோட்டை கட்டுங்கள்: ராஜாவை அந்தப் பக்க யானையை நோக்கி இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை ராஜாவின் மறுபக்கம் வையுங்கள்.

கறுப்பு இடையில் வேறு காயை நகர்த்தினாலும் பெரும்பாலும் இதே ஒழுங்கு சரிவரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் 'என் காய் எதுவும் வெட்டுப்படுகிறதா?' என்று ஒரு பார்வை பார்த்துவிட்டே கை வையுங்கள்.

நீங்கள் கறுப்பு என்றால், ஈ4, ஈ5க்குப் பிறகு வெள்ளை ராணி எச்5க்குப் பாய்ந்து வரக்கூடும். பயப்படாமல் குதிரையை சி6இல் வையுங்கள். மந்திரி சி4க்கு வந்ததும் ஜி6 தள்ளுங்கள். ஜி6 தள்ளாமல் மற்றக் குதிரையை எஃப்6இல் வைத்தால் வெள்ளை ராணி எஃப்7ஐ வெட்டி உங்களுக்குச் செக்மேட்!

வீட்டில் செஸ் மணிக்கூடு இல்லையென்றால் போனில் அதற்கான செயலியைப் போட்டுப் பழகுங்கள். காயை நகர்த்திய கையாலேயே மணிக்கூட்டை அமத்த வேண்டும். விதிக்கு மாறான நகர்த்தலைச் செய்து அமத்தினால் முதல்தடவை எதிராளிக்கு 1 நிமிடம் கூடும். இரண்டாம் தடவை பொதுவாக ஆட்டமே போய்விடும்.