டாலஸ் கவுண்டியின் வரலாற்றுப் பலகைகளைக் கால வரிசையில் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள டாலஸ் கவுண்டிக்கு (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) செல்லும் பலர், அதன் தலைநகரான செல்மாவில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் மீது நடந்து, சில படங்களை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பாலம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அதை முதலில் பார்ப்பவர்களுக்கு, 1965ஆம் ஆண்டில் வாக்குரிமை கேட்டு நடந்து அங்கே காவலர்களிடம் அடிபட்டவர்கள் அதுவரை தங்களுக்கு இல்லாத ஓர் உரிமையைப் புதிதாகக் கேட்டார்கள் என்று தோன்றும். உண்மை அதுவன்று. இந்தக் கவுண்டியின் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை ஒருமுறை கிடைத்தது, பிறகு பறிக்கப்பட்டது, அதன் பிறகே அவர்கள் அதை மீட்டெடுத்தார்கள். இந்த மூன்று கட்டங்களும் கவுண்டியின் பலகைகளிலும் கல்லறைகளிலும் இருக்கின்றன. கட்டடங்கள் அருகருகே இருக்கின்றன என்பதற்காக அந்த வரிசையில் பார்க்காமல், நிகழ்ச்சிகளின் கால வரிசையில் பார்த்தால் அவை தெளிவாகும். ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

வரைபடத்தில் தேடும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். டெக்சாஸ், ஆர்கன்சா, மிசௌரி, அயோவா ஆகிய மாநிலங்களிலும் டாலஸ் கவுண்டிகள் உள்ளன. அலபாமாவின் டாலஸ் கவுண்டி 1818இல் உருவாக்கப்பட்டு, அமெரிக்க நிதித்துறைச் செயலராக இருந்த அலெக்சாண்டர் டாலஸின் பெயரைப் பெற்றது. பயண மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையில் வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருக்கும் என்பதால் திறந்த வெளியில் நடப்பது சிரமம். மார்ச் மாதத் தொடக்க வார இறுதியில் பாலத்தைக் கடக்கும் ஆண்டு விழா நடப்பதால் நகரம் நிரம்பி வழியும். விழாவைக் காண விரும்புபவர்களுக்கு அது நல்ல நேரம், பலகைகளை நின்று நிதானமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு அது ஏற்றதன்று. 2023 ஜனவரி 12ஆம் தேதி செல்மாவைச் சூறாவளி தாக்கிப் பல கட்டடங்களைச் சேதப்படுத்தியது. ஆகையால் எந்தக் கட்டடத்துக்குள் நுழைய விரும்பினாலும், அது திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

புறப்படுவதற்கு முன் பலகைகளின் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் எல்லாப் பலகைகளுக்கும் ஒரே பொருள் இல்லை. சாலையோரத்தில் கம்பத்தின் மேல் நிற்கும் உலோகப் பலகை, ஓர் அமைப்பு ஓர் இடத்தைப் பற்றிச் சொல்ல விரும்பிய செய்தியைத் தாங்குகிறது; அந்த இடத்துக்கு அது எந்தச் சட்டப் பாதுகாப்பையும் அளிப்பதில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பராமரிக்கப்படும் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடம் இடம்பெற்றால், அதன் வரலாற்று மதிப்பு ஆராய்ந்து ஏற்கப்பட்டது என்று பொருள். ஆனாலும் தனியார் உரிமையாளர் தம் சொந்தப் பணத்தில் அதை இடித்தால் அந்தப் பதிவு மட்டும் அதைத் தடுக்காது. அதற்கும் மேலான தகுதி தேசிய வரலாற்றுச் சின்னம் என்பது. அது நாடு முழுமைக்கும் முக்கியமான சில இடங்களுக்கு மட்டுமே தரப்படுகிறது. செல்மாவில் பிரவுன் சேப்பல் தேவாலயமும் பெட்டஸ் பாலமும் அந்தத் தகுதியைப் பெற்றவை. பாலத்துக்கு அது 2013இல்தான் கிடைத்தது.

ஒரு பலகையின் முன் நிற்கும்போது முதலில் கீழ்விளிம்பைப் படியுங்கள். பலகையை நிறுவிய அமைப்பின் பெயரும் நிறுவிய ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பலகையின் உடலில் உள்ள ஆண்டு நிகழ்ச்சி நடந்த காலத்தைச் சொல்கிறது. கீழே உள்ள ஆண்டு, அதை நினைவுகூர யாருக்கு எப்போது மனமும் பணமும் அதிகாரமும் இருந்தன என்பதைச் சொல்கிறது. குறிப்பேட்டில் இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கவுண்டியில் இந்த ஒரு பழக்கத்தால் கிடைக்கும் புரிதல் வேறு எந்தக் கையேட்டிலும் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன். பலகைக்குப் பின்பக்கமும் சென்று பாருங்கள். இரண்டு பக்கங்களிலும் வெவ்வேறு வாசகங்கள் இருப்பது அலபாமாவில் வழக்கமானது.

காலையில் செல்மாவுக்குள் நிற்காமல், 22ஆம் எண் மாநில நெடுஞ்சாலை வழியாகத் தென்மேற்கே ஏறத்தாழ 14 மைல் தொலைவில் உள்ள பழைய கஹாபாவுக்குச் செல்லுங்கள். கஹாபா ஆறு அலபாமா ஆற்றுடன் சேரும் இடத்தில் இருந்த இந்த ஊர், 1820 முதல் 1825 வரை மாநிலத்தின் தலைநகராகவும், அதன் பின் 1860களின் நடுப்பகுதி வரை கவுண்டியின் தலைநகராகவும் இருந்தது. இன்று அது மாநில வரலாற்று ஆணையம் நடத்தும் தொல்லியல் பூங்கா. மரங்களின் பெயர்களைத் தாங்கிய தெருக்கள் வெறும் மண்பாதைகளாக எஞ்சியிருக்கின்றன. குரோஷரான் மாளிகையில் செங்கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. இங்கே விளக்கப் பலகைகள்தான் ஊர். ஆகவே வண்டியில் சுற்றி வராமல் இறங்கி நடக்க வேண்டும்.

கஹாபாவில் மூன்று இடங்களில் அதிக நேரம் செலவிடுங்கள். முதலாவது ஆற்றங்கரை. பருத்தி மூட்டைகள் நீராவிப் படகுகளில் ஏறியது இங்கேதான். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கினர் அடிமைகளாக இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நீரைப் பாருங்கள். இரண்டாவது, காஸில் மார்கன் என்று அழைக்கப்பட்ட சிறை இருந்த இடம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரின்போது, கட்டி முடிக்கப்படாத ஒரு பருத்திக் கிடங்கைச் சிறையாக்கி, அதில் ஏறத்தாழ 3,000 வடதரப்பு வீரர்களைத் தென்தரப்பினர் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து விடுதலை பெற்றவர்களில் பலர், வீடு திரும்பும் வழியில், 1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பி ஆற்றில் வெடித்த சுல்தானா படகில் இறந்துபோனார்கள். மூன்றாவது இடம் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவது: பழைய நீதிமன்றம் நின்ற மனை. போர் முடிந்து, கவுண்டித் தலைநகரம் செல்மாவுக்கு மாறிய பின், வெறுமையான அந்த நீதிமன்றத்தில், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற மக்கள் அரசியல் கூட்டங்களை நடத்தினார்கள். வாக்குரிமையின் முதல் கட்டம் அங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு செல்மாவுக்குத் திரும்புங்கள். பூங்காவில் உள்ள இடுகாடுகளுக்கும் சென்று வரலாம். செங்கல் துண்டு ஒன்றைக்கூட எடுத்துவரக் கூடாது.

செல்மாவில் அடுத்து லைவ் ஓக் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லுங்கள். ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி தொங்கும் அந்தத் தோட்டம் அழகானது. அழகில் மயங்கிப் பெயர்களைத் தவற விட்டுவிடக் கூடாது. 1853இல் துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றுச் சில வாரங்களிலேயே இறந்த வில்லியம் ரூஃபஸ் கிங் இங்கே இருக்கிறார். தென்தரப்புப் படைத்தலைவராகவும் பின்னர் 1897 முதல் 1907இல் இறக்கும் வரை செனட்டராகவும் இருந்த எட்மண்ட் வின்ஸ்டன் பெட்டஸும் இங்கேதான் இருக்கிறார். இவர்களுக்கு நடுவில் பெஞ்சமின் ஸ்டெர்லிங் டர்னரின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அடிமையாகப் பிறந்த டர்னர், 1871 முதல் 1873 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் அமர்ந்தார். அலபாமாவிலிருந்து அங்கே சென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவருக்குப் பின், செல்மாவில் அடிமையாக இருந்த ஜெரமையா ஹரல்சனும் 1875இல் அதே அவைக்குச் சென்றார். டர்னர் 1894இல் வறுமையில் இறந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து பணம் திரட்டி அவர் கல்லறைக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது 1985இல். குறிப்பேட்டில் அந்த இரண்டு ஆண்டுகளையும் எழுதி, அவற்றுக்கு இடையே உள்ள 91 ஆண்டுகளை அடிக்கோடிடுங்கள்.

கல்லறை எழுத்துகள் மங்கியிருந்தால் சுண்ணக்கட்டி, மாவு, சவர நுரை போன்றவற்றைத் தடவிப் படிக்க முயல வேண்டாம். அவை கல்லின் நுண்துளைகளில் தங்கி அதை அரிக்கும். ஒரு கண்ணாடியையோ கைவிளக்கையோ பக்கவாட்டிலிருந்து பிடித்தால் சாய்ந்து விழும் ஒளியில் எழுத்துகள் எழும்பித் தெரியும். படம் எடுப்பதோடு நிற்காமல், வாசகத்தை எழுத்துக்கு எழுத்து, வரிப்பிரிவு மாறாமல் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதும்போதுதான் ஒரு வாசகத்தில் வினை இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை என்பது கண்ணில் படும். மக்கள் தாக்கப்பட்டார்கள் என்று எழுதி, தாக்கியவர் யார் என்று சொல்லாமல் விடும் பலகைகள் தென்மாநிலங்களில் குறைவில்லை.

நேரம் இருந்தால் 1856இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்டர்டிவன்ட் ஹால் மாளிகையையும், வாட்டர் அவென்யூவில் ஆற்றை நோக்கி நிற்கும் பழைய செயின்ட் ஜேம்ஸ் விடுதியையும் வெளியிலிருந்தேனும் பாருங்கள். தென்தரப்பின் ஆயுதச் சாலையும் வார்ப்பாலையும் இங்கே இருந்ததால்தான் 1865 ஏப்ரல் 2 அன்று வடதரப்புத் தளபதி ஜேம்ஸ் வில்சன் செல்மாவைத் தாக்கிக் கைப்பற்றினார். அந்தப் போரைப் பற்றிய பலகைகள் நகரில் உள்ளன. போர்க்கள ஆர்வம் இல்லாதவர்கள் அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்.

பிற்பகலில் கவுண்டி நீதிமன்றத்தின் முன் நில்லுங்கள். 1901ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, வாக்களிக்கக் கட்ட வேண்டிய வாக்கு வரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் கொண்டு கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. 1960களின் தொடக்கத்தில் வாக்காளர் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாட்கள்தான் திறந்தது. வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர் மட்டுமே பதிவு பெற்றிருந்தார்கள். 1963 மே 14 அன்று டேபர்னக்கிள் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வாக்குரிமைக்கான முதல் பெருங்கூட்டம் நடந்தது. 1965 ஜனவரி 22 அன்று, வேலை பறிபோகும் என்று தெரிந்தும், பாதிரியார் ஃபிரெடரிக் ரீஸின் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இந்த நீதிமன்றப் படிகளுக்கு நடந்து வந்தார்கள். இந்தப் படிகளைப் பார்க்காமல் பாலத்தைப் பார்ப்பது முறையாகாது என்பது என் கருத்து. 1901க்கும் 1963க்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தைப் பேசும் பலகைகள் எத்தனை உங்கள் கண்ணில் பட்டன என்று இந்த இடத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அடுத்து, முன்பு சில்வன் தெரு என்று பெயர் பெற்றிருந்த மார்ட்டின் லூதர் கிங் தெருவுக்குச் சென்று பிரவுன் சேப்பல் தேவாலயத்தின் முன்னிருந்து நடக்கத் தொடங்குங்கள். 1908இல் கட்டப்பட்ட இந்தத் தேவாலயத்தின் வாசலில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவரான கிங்கின் மார்பளவுச் சிலை நிற்கிறது. வழிபாடு நடத்தும் சபை ஒன்று இதற்கு உண்டு என்பதை மறக்காமல், ஆராதனை நேரத்தில் கேமராவுடன் உள்ளே நுழைவதைத் தவிருங்கள். இங்கிருந்து வாட்டர் அவென்யூ வழியாகப் பிராட் தெருவுக்கு வந்து இடப்புறம் திரும்பினால் பாலம். 1965 மார்ச் 7 அன்று போராட்டத் தலைவர்களான ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் முன்னே செல்ல, ஏறத்தாழ 600 பேர் இந்த வழியில் நடந்தார்கள். அருகிலுள்ள மேரியன் நகரில் மாநிலக் காவலரால் சுடப்பட்டுப் பிப்ரவரி 26 அன்று செல்மா மருத்துவமனையில் இறந்த ஜிம்மி லீ ஜாக்சனின் மரணமே அவர்களை நடக்க வைத்தது.

பாலத்தில் வாகனச் சத்தம் அதிகம் என்பதால் நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், நடுச்சாலையில் நின்று படம் எடுக்க முயல வேண்டாம். பாலம் நடுவில் உயர்ந்து இருக்கிறது. ஏறும்போது மறுகரை தெரியாது. உச்சியை அடைந்த பிறகே தெரியும். அன்று நடந்தவர்களும் உச்சிக்கு வந்த பிறகுதான் தடிகளுடனும் கண்ணீர்ப்புகையுடனும் காத்திருந்த மாநிலக் காவலர்களையும், கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃபின் ஆட்களையும் கண்டார்கள். எந்தப் பலகையாலும் சொல்ல முடியாத இந்தச் செய்தியை உங்கள் கால்கள் உங்களுக்குச் சொல்லும். அந்த உச்சியில் சிறிது நேரம் பேசாமல் நில்லுங்கள்.

பிறகு தலைக்கு மேலே உள்ள எஃகு உத்தரத்தில் எழுதியிருக்கும் பெயரை இரண்டு ஆண்டுகளின் முறைப்படி படியுங்கள். பெட்டஸ் 1907இல் இறந்தார். பாலம் 1940இல் திறக்கப்பட்டது. அலபாமாவில், வெள்ளையர் ஆதிக்கத்துக்காக வன்முறையில் இறங்கிய கூ கிளக்ஸ் கிளான் அமைப்பின் தலைவராக இருந்தவர் என்று கருதப்படும் ஒருவரின் பெயர், கவுண்டியின் கறுப்பின மக்கள் வாக்களிக்க முடியாதிருந்த காலத்தில், அவர் இறந்து 33 ஆண்டுகளுக்குப் பின் எஃகில் எழுதப்பட்டது. டர்னருக்குக் கல் கிடைக்க ஆன 91 ஆண்டுகளை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பொது இடங்களில் 40 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் நினைவுச்சின்னங்களை அகற்றவோ பெயர் மாற்றவோ தடை விதிக்கும் மாநிலச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டது. பாலத்தின் பெயரை மாற்றுவது பற்றிய விவாதத்தைப் பின்தொடர விரும்புபவர்கள் அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுகரையில் நினைவுப் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே, உங்கள் பிள்ளைகள் இந்தப் பன்னிரண்டு கற்கள் எதற்கு என்று கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று பேசும் யோசுவா நூலின் வசனத்தைத் தழுவிய வாசகம் பாறையில் பதிக்கப்பட்டிருக்கிறது. பாலத்தின் இக்கரையில், பிராட் தெருவும் வாட்டர் அவென்யூவும் சந்திக்கும் முனையில் தேசியப் பூங்காத் துறையின் விளக்க மையம் உள்ளது. குறிப்புகளில் எழுந்த ஐயங்களை அங்கே கேளுங்கள். ஆழமாகத் தேட விரும்புபவர்களுக்கு, 1901இல் நிறுவப்பட்ட மாநில ஆவணக் காப்பகம் மாண்ட்கோமரியில் இருக்கிறது.

மாண்ட்கோமரிக்குச் செல்லும் 80ஆம் எண் நெடுஞ்சாலையே, பாலத்தில் நடந்த தாக்குதலுக்குப் பின் 1965 மார்ச் 21 முதல் 25 வரை செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த 54 மைல் வாக்குரிமைப் பேரணியின் பாதை; 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தடம். பேரணியினர் முதல் இரவு தங்கிய டேவிட் ஹாலின் பண்ணை டாலஸ் கவுண்டிக்குள் இருக்கிறது. முகாம் இருந்த நிலங்கள் தனியாருக்குச் சொந்தமானவை என்பதால், வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்திப் பலகையை மட்டும் படித்துவிட்டுச் செல்ல வேண்டும். அதற்கு அப்பால் லௌண்ட்ஸ் கவுண்டி தொடங்குகிறது. பேரணிக்கு உதவ வந்து, அது முடிந்த இரவில் சுட்டுக் கொல்லப்பட்ட வயோலா லியுஸோவின் நினைவுக்கல் அந்தக் கவுண்டியில் நெடுஞ்சாலையோரத்தில் இருக்கிறது. அதைப் பொழுது சாய்வதற்குள் பார்த்துவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.