குவாரி ஓரக் கிணற்றில் தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி?

2017 கோடையிலும் 2019 வறட்சியிலும் சென்னைக்குக் கைகொடுத்த இடங்களில் சிக்கராயபுரம் கல்குவாரியும் ஒன்று. மாங்காடு பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த அந்தப் பள்ளங்களில் தேங்கிய நீரை மெட்ரோ வாட்டர் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்து ஊருக்கு விட்டது. இன்று ஜல்லி உடைக்கும் பள்ளம் நாளை நம் குடத்துக்கு வரலாம். பள்ளத்தைச் சுற்றி இருக்கும் வீடுகளின் போர்வெல் தண்ணீர் இன்றைக்கே குடத்தில்தான் இருக்கிறது. அதனால் குவாரியைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். லேபில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் சரி, கிணற்றடியில் முதல் ஒரு மணி நேரம் தவறாகப் போனால் ரிப்போர்ட்டில் வரும் எண் வீண்.

எந்தக் கிணறு?

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கமெல்லாம் அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. இதில் மணலில் இருப்பதுபோல எங்கும் பரவலாகத் தண்ணீர் இருக்காது, பிளவுகளில்தான் ஓடும். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு போர் ஊறும், இன்னொன்று வறண்டு கிடக்கும். ஆகவே ஒரே கிணற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று கணக்கிடவே ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும். நீரோட்டத்துக்கு மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் இரண்டு என்று தொடங்கலாம். கூடவே பள்ளத்தின் அடியில் தேங்கும் நீரிலும் ஒரு மாதிரி எடுங்கள். பள்ளம் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், மோட்டார் வைத்து இறைக்க இறைக்க சுற்றுவட்டாரத் தண்ணீர் பள்ளத்தை நோக்கித் திரும்பும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எப்போது எடுப்பது? சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது வழக்கமாகப் போடும் நிபந்தனை ஜனவரி, ஏப்ரல்-மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை. அதில் நவம்பரை ‘மழைக்குப் பின்’ என்று எழுதியிருப்பார்கள். சென்னையில் நவம்பர் அடைமழைக் காலம்! வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளும். நான்கு முறையும் எடுங்கள், ஆனால் நம் ஊரில் மழைக்குப் பின் நிலவரத்தைச் சொல்வது ஜனவரி மாதிரிதான். ஒப்பிடும்போது மே மாதத்தையும் ஜனவரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் நீர்மட்டம்

போனதும் மேஸ்திரியிடம் “அண்ணே, இன்னைக்கு வெடி எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுங்கள். ஹெல்மெட், பளிச்சென்ற ஜாக்கெட் இல்லாமல் டிப்பர் லாரி ஓடும் பாதையில் நடக்க வேண்டாம். திறந்தவெளிக் கிணறாக இருந்தால் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்காதீர்கள். அடியில் காற்று கெட்டிருக்கும்.

வீட்டு போர் என்றால் அடுத்த கேள்வி: “அக்கா, காலையில மோட்டார் போட்டீங்களா?” போட்டிருந்தால் மட்டம் பழைய நிலைக்கு ஏறி நிற்கும் வரை காத்திருங்கள். அளந்த பிறகுதான் நீங்கள் மோட்டாரைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது.

போரிலிருந்து தரைக்கு மேல் நீட்டி நிற்கும் கேசிங் பைப்பின் விளிம்பில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். நீர்மட்ட மானியின் டேப்பை மெதுவாக இறக்குங்கள், உள்ளே மோட்டார் ஒயரும் பைப்பும் இருக்கும், சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. ‘பீப்’ சத்தம் வந்ததும் கொஞ்சம் தூக்கி, மறுபடி இறக்கி, இரண்டு முறை ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். டேப் 12.45 மீட்டர் காட்டுகிறது, கேசிங் தரைக்கு மேல் 0.45 மீட்டர் நிற்கிறது என்றால் நீர்மட்டம் தரையிலிருந்து 12 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

பழைய தண்ணீரை வெளியேற்றுவது

பைப்புக்குள் நாள் கணக்கில் நின்ற தண்ணீர் பாறையின் தண்ணீர் அல்ல. காற்றுபட்டு, இரும்பு பட்டு, குணம் மாறியிருக்கும். பொதுவான வழக்கம், உள்ளே நிற்கும் நீரின் அளவைப்போல மூன்று மடங்கை இறைத்துவிடுவது.

ஆறரை இன்ச் போரில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 21 லிட்டர் நிற்கும், நாலரை இன்ச் போரில் சுமார் 10 லிட்டர். தரையிலிருந்து 40 மீட்டர் ஆழமுள்ள ஆறரை இன்ச் போரில் மட்டம் 12 மீட்டர் என்றால் 28 மீட்டர் தண்ணீர் நிற்கிறது, 588 லிட்டர். மூன்று மடங்கு 1,764 லிட்டர். 20 லிட்டர் பக்கெட் 24 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 50 லிட்டர் வருகிறது, ஆக 35 நிமிடம் ஓட வேண்டும்.

கணக்கை மட்டும் நம்பாமல் மீட்டரையும் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிஎச் (அமில-காரத் தன்மை), மின்கடத்துதிறன் (கரைந்த உப்பைக் காட்டுவது), வெப்பநிலை மூன்றையும் குறியுங்கள். அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பிஎச் 0.1-க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் பாறைத் தண்ணீர் வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மீட்டரை அன்று காலையிலேயே பிஎச் 4, 7, 10 கரைசல்களில் சரிபார்த்திருக்க வேண்டும். ஊற்று குறைந்த போர் பாதியிலேயே வற்றினால் விட்டுவிடுங்கள், மறுபடி ஊறியதும், 24 மணி நேரத்துக்குள் மாதிரி எடுங்கள்.

பாட்டிலில் பிடிப்பது

மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் முன் உள்ள குழாயில்தான் பிடிக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் உதவாது. பொதுச் சோதனைக்கான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்புங்கள். உலோகச் சோதனைக்கு 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிஎச் 2-க்குக் கீழே இறங்கும்படி நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கிருமிச் சோதனை பாட்டில் கிருமிநீக்கம் செய்தது, அதை அலசக் கூடாது, மூடியின் உள்பக்கத்தைத் தொடவும் கூடாது. பத்து மாதிரிக்கு ஒன்றாவது இரட்டையாக எடுங்கள்.

கிணற்றின் பெயர், தேதி, நேரம், சேர்த்த அமிலம் எல்லாவற்றையும் நிரப்புவதற்கு முன்பே லேபிளில் எழுதி ஒட்டிவிடுங்கள், ஈரப் பாட்டிலில் ஒட்டாது. பாட்டில்களை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் மே மாத வெயிலில் ஐஸ் சீக்கிரம் உருகி லேபிளை நனைக்கும். ஐஸைத் தனிக் கவரில் கட்டி வையுங்கள். நைட்ரேட், கிருமிச் சோதனைகள் காத்திருக்காது, அன்றே லேபில் சேருங்கள்.

ரிப்போர்ட் வந்ததும்

குவாரி என்றால் நான் முதலில் பார்ப்பது நைட்ரேட். வெடிமருந்தில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் முழுதும் வெடிக்காமல் மிஞ்சினால் மழையில் கரைந்து இறங்கும். ஆனால் புறநகரில் செப்டிக் டேங்கும் நைட்ரேட் தரும். குளோரைடும் மலக்கிருமியும் சேர்ந்து உயர்ந்திருந்தால் செப்டிக் டேங்கைச் சந்தேகியுங்கள். குளோரைடு குறைவாக இருந்து, பள்ளத்து நீரிலும் கீழ்ப்பக்கக் கிணறுகளிலும் நைட்ரேட் மட்டும் தூக்கலாக, மேல்பக்கக் கிணற்றில் குறைவாக இருந்தால் வெடிமருந்துப் பக்கம் தேடுங்கள்.

குடிநீரில் நைட்ரேட்டுக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கிணற்றுக்காரர் வீட்டுக்கு அன்றே தகவல் சொல்லுங்கள், ரிப்போர்ட் நகல் ஒன்றையும் கொடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். “காய்ச்சிக் குடுத்தா போதும்ல?” என்று கேட்பார்கள். போதாது. காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், நைட்ரேட் அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும்.