ஃபர்ம்வேரை நகலெடுக்க நாமே வழிவிடும் தவறுகள்

சாதனத்தின் போர்டில், அதை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரைச் சேமிக்கும் எட்டுக்கால் ஃப்ளாஷ் சிப் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதன்மேல் கிளிப்பை மாட்டி, சிப்பைப் படிக்கும் ப்ரோகிராமர் கருவியில் இணைத்தால், சில நிமிடங்களில் மொத்த ஃபர்ம்வேரும் கணினிக்கு வந்துவிடும். அந்த ஃபைலில் எழுத்துகளை மட்டும் பிரித்துக் காட்டும் 'ஸ்ட்ரிங்ஸ்' கமாண்டை ஓட்டிப் பாருங்கள்: சர்வர் முகவரி, பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எக்ஸார் என்ற எளிய பிட் கணக்கைப் போட்டு மறைத்தோம் என்பார்கள். மறைத்ததை அவிழ்க்கும் நிரலும் அதே ஃபைலில்தானே இருக்கிறது!

பிழை தேடுவதற்காக சிப்பின் உள்ளே பார்க்கவிடும் டீபக் போர்ட்டைத் திறந்தே விடுவது அடுத்த தவறு. எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சிப்களில், ஃப்ளாஷைப் படிக்கவிடாமல் தடுக்கும் ஆர்டிபி என்ற பூட்டின் நிலை 1 போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எஸ்டிஎம்32எஃப்0 வரிசையில் அந்த நிலை 1-ஐ மீறி ஃப்ளாஷைப் படித்துவிடலாம் என்று 2017-லேயே ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். பெரும்பாலான சிப்களில் நிலை 2 போட்டால் திரும்ப முடியாது, அதனால்தான் பயம். அப்டேட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஒவ்வொரு சிப்புக்கும் உரிய தனி அடையாள எண்ணான 96 பிட் யூஐடியை ரகசியமாக நினைப்பவர்களும் உண்டு. அது வெறும் எண். நிரல் யூஐடியைப் படிக்கும் இடத்தில் அசல் சாதனத்தின் எண்ணை எழுதிவைத்தால் நகல் தயார்.

எல்லாவற்றிலும் மோசமானது, எல்லாச் சாதனங்களிலும் ஒரே குறியாக்கச் சாவி. பிலிப்ஸ் ஹ்யூ பல்புகளின் ஃபர்ம்வேரைக் காத்த பொதுவான ஏஇஎஸ் (ஒரு குறியாக்க முறை) சாவியை, சிப்பின் மின்நுகர்வை அளந்தே ஆய்வாளர்கள் எடுத்தார்கள். 2016-இல் அதை வெளியிட்டார்கள். பிறகு அவர்கள் எழுதிய ஃபர்ம்வேரையும் பல்புகள் ஏற்றுக்கொண்டன. சாதனத்துக்கு ஒரு சாவி என்றிருந்தால் ஒன்று உடைந்தாலும் மற்றவை தப்பும்.

சரி, தனியாகப் பாதுகாப்புச் சிப் வாங்கிப் போட்டாயிற்று. நிரல் கேட்கும் கேள்விக்கு அது தரும் பதிலை, நிரலில் ஒரே ஒரு 'இஃப்' நிபந்தனை வைத்துச் சரிபார்த்தால்? சிப்பை யாரும் உடைக்க வேண்டியதில்லை, அந்த 'இஃப்'பை மாற்றினால் போதும். கேள்வி ஒவ்வொரு முறையும் மாறாவிட்டால் இன்னும் சுலபம்: கம்பிகளில் ஓடும் சிக்னலைப் பதிவுசெய்யும் லாஜிக் அனலைசரில் பதிலைப் பிடித்து அப்படியே ஒப்பிக்கலாம். சிப்பின் பதில் இல்லாமல் முக்கியமான நிரல் டிக்ரிப்ட் ஆகாது என்றோ, சர்வரே கேள்வி கேட்டுச் சரிபார்க்கும் என்றோ அமையுங்கள். ஃபர்ம்வேரில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். அது மாற்றிய ஃபர்ம்வேரைத் தடுக்கும்; வரிக்கு வரி எடுத்த நகலில் கையொப்பமும் செல்லும்.

கடைசியாக, தொழிற்சாலை. ஃபர்ம்வேர் அடங்கிய ஹெக்ஸ் ஃபைலையும், சாதனச் சாவிகளை உருவாக்கும் மாஸ்டர் சாவியையும் ஒரே மெயிலில் அனுப்பிவிட்டு நகலைப் பற்றிக் கவலைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் ஆயிரம் என்றால், சாதனத்துக்கு ஒன்றாக ஆயிரம் சாவிகளை மட்டும் அனுப்புங்கள். மாஸ்டர் சாவி உங்களிடமே இருக்கட்டும்.