அதிர்வைத் தணிக்கப்போய் வளர்த்துவிடும் தவறுகள்

உணரி, இயக்கி, கட்டுப்படுத்தி ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு கட்டமைப்பின் அதிர்வை அடக்க முயல்பவர்கள், தோல்வி நேர்ந்ததும் கட்டுப்பாட்டு விதியைத்தான் (உணரி தரும் அளவுக்கு இயக்கி என்ன செய்ய வேண்டும் என்ற கணக்கை) முதலில் மாற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, வளைத்தால் மின்னழுத்தம் தந்து, மின்னழுத்தம் கொடுத்தால் வளைந்து, உணரியாகவும் இயக்கியாகவும் உதவும் பீசோ பட்டையை ஒட்டிய இடத்திலோ சமிக்ஞை கடந்துவரும் வழியிலோ புகுந்திருக்கும். ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட சீரான அலுமினியச் சட்டத்தை, அதாவது ஆய்வகங்களுக்குப் பழக்கமான கேன்டிலீவரை, எடுத்துக்கொள்வோம். தட்டிவிட்டால் அது தானே அதிரும் வீதங்களான இயல் அதிர்வெண்களில் முதலாவது 10 ஹெர்ட்ஸ் என்றால், அடுத்தவை ஏறத்தாழ 63, 175, 344 ஹெர்ட்ஸாக அமையும்.

பீசோ பட்டை உணர்வது திரிபைத்தான் (பரப்பு நீள்வதையும் சுருங்குவதையும்), இடப்பெயர்ச்சியை அன்று. சட்டத்தின் தளர்ந்த முனை அதிகம் ஆடுகிறது என்பதற்காக அங்கே பட்டையை ஒட்டினால், திரிபே இல்லாத இடத்தில் அதை வைத்தவர்களாவோம். பிடிமுனையை ஒட்டிய பகுதியே எல்லா அதிர்வுப் பாங்குகளுக்கும் (ஒவ்வோர் இயல் அதிர்வெண்ணிலும் சட்டம் வளைந்தாடும் வடிவங்களுக்கும்) பொதுவாக நல்ல இடம். பிடிமுனையிலிருந்து நீளத்தில் சுமார் 22 விழுக்காடு தள்ளி, இரண்டாம் பாங்கின் வளைவு சுழியாகும் ஒரு புள்ளி உண்டு. அதை நடுவாகக் கொண்டு ஒட்டப்படும் சிறு பட்டையால் அந்தப் பாங்கை ஏறக்குறைய அறியவும் முடியாது, அசைக்கவும் முடியாது. உணரியை ஓரிடத்திலும் இயக்கியை வேறிடத்திலும் வைப்பதும் ஆபத்தே: ஒரு பாங்கைத் தணிக்கும் அதே விசை, குறி மாறி, இன்னொன்றை ஊட்டிவிடக்கூடும். இரண்டையும் ஒரே இடத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டுவது பாதுகாப்பானது.

இதைவிட நயவஞ்சகமானது தாமதம். கணினி சமிக்ஞையைப் படித்து, கணக்கிட்டு, விடையை வெளியிட மொத்தம் 2 மில்லிநொடி ஆகிறது என்போம். 10 ஹெர்ட்ஸில் இது 7 பாகைக் கட்டப் பின்னடைவுதான் (ஒரு முழு அலைவை 360 பாகையாகக் கொண்டால் சமிக்ஞை பிந்தும் அளவு). 63 ஹெர்ட்ஸில் 45 பாகை. 175 ஹெர்ட்ஸிலோ 126 பாகை. அசைவின் வேகத்துக்கு எதிராக விசை தரும், அதாவது வேகத்தைப் பின்னூட்டும், விதியில் பின்னடைவு 90 பாகையைத் தாண்டி 270 பாகைக்குள் இருக்கும்வரை தணிப்பு எதிர்மறையாகிறது. கணித வடிவத்தில் நாம் சேர்க்காமல் விட்ட மூன்றாம் பாங்குக்கு நாமே ஆற்றலைக் கொட்டுகிறோம். திருவிழா ஒலிபெருக்கி திடீரெனக் கூச்சலிடுவது இதே கதைதான். ஆகவே தாமதத்தை அளந்து பார்க்காமல் பெருக்கத்தை (சமிக்ஞையை எத்தனை மடங்காக்கி இயக்கிக்குத் தருகிறோம் என்பதை) ஏற்றக் கூடாது.

நொடிக்கு 500 முறை மட்டும் சமிக்ஞையைப் படித்தால், 344 ஹெர்ட்ஸ் அதிர்வு 156 ஹெர்ட்ஸாக வேடமிட்டு உள்ளே வரும். அதைத் தடுக்க, படிப்பதற்கு முன்பே உயர் அதிர்வெண்களை நீக்கும் முன்வடிகட்டி தேவை. அந்த வடிகட்டியும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும் என்பதால், படிக்கும் வீதத்தை உயர்த்துவதே நேரான வழி.

20 நானோஃபாரட் மின்தேக்கம் கொண்ட பட்டையை 1 மெகாஓம் உள்ளீட்டில் நேரடியாக இணைப்பதும் அடிக்கடி நேர்வது. அப்போது 8 ஹெர்ட்ஸ் அருகே வெட்டு விழுந்து (அதற்குக் கீழான அதிர்வெண்கள் மங்கி), 10 ஹெர்ட்ஸ் சமிக்ஞை கிட்டத்தட்ட 38 பாகை முன்னேறிவிடும். மின்னழுத்தத்தை அன்றி மின்னூட்டத்தை அளக்கும் மின்னூட்டப் பெருக்கி இதைத் தவிர்க்கும். கம்பியைப் பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை நீண்ட நேரம் அழுத்தினால் பட்டைக்குப் பீசோ பண்பைத் தரும் துருவத்தன்மை அழியும். துருவத் திசைக்கு எதிராக மிகை மின்னழுத்தம் தந்தாலும் அதே விளைவுதான். அதன்பின் எந்த விதியை எழுதினாலும் சட்டம் அசையாது.