பழைய மஸ்டாங்குக்குப் பின் ஆக்சில் தேடுகிறீர்களா?

1965-66 மஸ்டாங்குக்கு லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும்) ஆக்சில் வேண்டுமென்றால், பழைய வண்டிக் கிடங்கில் முதலில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரைத் தேடுங்கள். 1995-2001 மாடல்களின் 8.8 அங்குல ஆக்சில் டிஸ்க் பிரேக்கோடு வரும்; 31 ஸ்ப்ளைன் (பல் வரி) கொண்ட தண்டு, சக்கர போல்ட் அமைப்பும் V8 மஸ்டாங்கில் உள்ள அதேதான். டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் நடு கியர் பெட்டி) மூடி போல்ட்டில் தொங்கும் தகட்டில் '3L73' என்றிருந்தால் 3.73 கியர் விகிதம், நடுவிலுள்ள L-தான் லிமிடெட் ஸ்லிப். தகடு இல்லையா? இரு சக்கரங்களையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒன்றைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் ஒன்று சாதாரண டிஃபரென்ஷியல், இல்லை லிமிடெட் ஸ்லிப்பின் உள்ளே இருக்கும் கிளட்ச் தேய்ந்துபோனது. விற்பவர் பேச்சை விட இதை நம்பலாம்!

அகலம்தான் தலைவலி: எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் மஸ்டாங்கினுடையதை விட அகலம். நீளமான பக்கக் குழாயை வெட்டிக் குறுக்கி, இருபுறமும் குட்டைத் தண்டு போடுவார்கள். ஸ்பிரிங் இருக்கைகளையும் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். ஆயில் மாற்றும்போது ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (கிளட்ச் தகடுகளின் உராய்வைச் சீராக்கும் திரவம்) சேர்க்க மறந்தால், திருப்பங்களில் பின்பக்கம் உறுமும்.